மணிக்கும் முதல் சொல்லுக்கும் நடுவே

(குறுவள மையக் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யோகா பற்றிய உரை என்றதும் சிலர் பாய் கொண்டு வந்திருக்கிறீர்கள். இன்று அது தேவைப்படாது. இருக்கும் உடையில், இருக்கும் நாற்காலியில் அப்படியே இருங்கள். நான் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு ஆசனம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆனால் ஆசிரியர் ஓய்வறையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஆசனத்தைப் பற்றியது அன்று. "சார், விடியற்காலை எழுந்து சமைத்து, இரண்டு பேருந்து மாறி வருகிறேன். ஒரு மணி நேரம் யோகா செய்ய எனக்கு எங்கே நேரம்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். புதிதாக நேரம் தேட வேண்டாம். பள்ளி நாளுக்குள்ளேயே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. மணி அடிப்பதற்கும் நாம் வகுப்பில் முதல் சொல்லைப் பேசுவதற்கும் நடுவே ஓர் அரை நிமிடம் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தை நாம் வைத்துக்கொண்டால், மீதி 40 நிமிடமும் நம் கையில் இருக்கும்.

முதலில் மன அழுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். 1936இல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். குளிர், காயம், நச்சு என்று எந்த வகைத் தாக்குதல் வந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் எதிர்வினை செய்கிறது என்பது அதன் சாரம். பின்னாளில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் உலகெங்கும் பரவ அவரே காரணம். அவருக்கு முன்பே ஹார்வர்டில் வால்டர் கேனன், ஆபத்தைக் கண்டால் விலங்கின் உடல் சண்டையிடவோ ஓடவோ எப்படித் தயாராகிறது என்று விளக்கியிருந்தார். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது. தசை முறுக்கேறுகிறது. செரிமானம் தள்ளி வைக்கப்படுகிறது.

புலி எதிரே வந்தால் இது உயிர் காக்கும். நமக்கு வருவது புலி இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பட்டியல் இன்றே, இப்போதே வேண்டும்" என்று ஒரு செய்தி வருகிறது. பதிவேற்றம் பாதியில் நின்றுபோகிறது. பின்பெஞ்சில் சண்டை. வாசலில் பெற்றோர் ஒருவர் கோபத்தோடு நிற்கிறார். உடலோ இவை எல்லாவற்றையும் புலியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஓடவும் முடியாது, சண்டையிடவும் முடியாது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏறிய முறுக்கு இறங்க இடமின்றி அடுத்த பாடவேளைக்கும் கூடவே வருகிறது.

நம் பணியின் தன்மையே அப்படி. அலுவலகத்தில் மனம் சரியில்லை என்றால் ஒரு கோப்பைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். 40 பிள்ளைகளைத் தள்ளி வைக்க முடியாது. அத்தனை கண்களும் நம் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. மணிக்கணக்கில் நிற்கிறோம், மணிக்கணக்கில் பேசுகிறோம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் யாருக்கு என்ன இழப்பு? நம் இரத்த அழுத்தம், தூக்கம், தொண்டை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்றாம் பாடவேளையில் நமக்கு ஏறிய கோபம் ஆறாம் பாடவேளையில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பிள்ளையின் மேல் இறங்குகிறது. வீட்டுப்பாட நோட்டை மறந்து வந்தது மட்டும்தான் அந்தப் பிள்ளை செய்த குற்றம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அடிக்காமல் இருக்க நாம் பழகிவிட்டோம். சொல்லால் அடிக்காமல் இருப்பதற்குச் சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அந்தச் சொல் வாயை விட்டு வரும் முன் ஒரு கணம் நமக்குக் கிடைக்க வேண்டும். யோகப் பயிற்சியால் நான் எதிர்பார்ப்பது அந்த ஒரு கணத்தைத்தான்.

அந்தக் கணம் மூச்சிலிருந்து கிடைக்கிறது. இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் நடத்தினாலும் நடக்கும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்று நிதானிக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள், சிலருக்கு விரலிலேயே தெரியும். ஆகவே விடும் மூச்சை நீளமாக்கினால், "புலி போய்விட்டது" என்று உடலுக்கு அதன் மொழியிலேயே சொல்கிறோம்.

இது நம் மண்ணுக்குப் புதியதல்ல. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தையும் மூச்சையும் விரிவாகப் பேசுகிறது. பதஞ்சலியின் 196 சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே மூன்று. மீதியில் பல மனத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியவை. சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து கற்பித்த டி. கிருஷ்ணமாச்சார்யா, ஆளுக்கேற்ப யோகத்தை அமைக்க வேண்டும், யோகத்துக்கேற்ப ஆளை வளைக்கக்கூடாது என்ற வழியில் நின்றவர். முழங்கால் வலியுள்ள ஆசிரியைக்குச் சம்மணமிட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்று இப்போது சொல்கிறார்களே, அதையும் இங்கே சேர்த்துக்கொள்வோம். 1979இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாட்பட்ட வலியோடு வந்தவர்களுக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். 8 வாரப் பயிற்சி. பௌத்தத் தியான மரபும் ஹட யோகமும் அதில் கலந்திருக்கின்றன. நான் அதை 'முழுக்கவனம்' என்று சொல்வேன். இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. அவ்வளவுதான்.

இனி செய்முறைக்கு வருவோம். நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வகுப்பு வாசல். உள்ளே கால் வைக்கும் முன் நில்லுங்கள். தோள்களைத் தளர விடுங்கள். நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, மூன்று மூச்சுக்கு அரை நிமிடம். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். இங்கே அது 6 ஆகிறது. நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றாலும் மொத்தம் நான்கே நிமிடம். மூச்சை உள்ளே அடக்க வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அடக்கவே கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்.

இரண்டாவது, வருகைப் பதிவு. பெயரைக் கூப்பிடும்போது பதிவேட்டையோ கைப்பேசியையோ மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைப் பாருங்கள். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். முழுக்கவனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பயிற்சி நமக்கு, பலன் பிள்ளைக்கு.

மூன்றாவது, மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. கரும்பலகையில் எழுதி எழுதித் தோள் இறுகியிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இழுக்கும் மூச்சில் தோள்களைக் காது வரை உயர்த்தி, விடும் மூச்சில் இறக்குங்கள், ஐந்து முறை. கழுத்தை மெதுவாக வலம் இடம் திருப்புங்கள், வட்டமாகச் சுழற்ற வேண்டாம். நின்றுகொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பத்து முறை. நெடுநேரம் நின்ற காலில் தேங்கிய இரத்தம் மேலேறக் கெண்டைக்கால் தசை உதவும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அது தூக்கம் வரும் நேரம்தான்.

நான்காவது, மாலை மணி. வீட்டுக்குள் நுழையும் முன், அல்லது பேருந்தில் உட்கார்ந்ததும், அன்று நடந்தவற்றில் நன்றாக நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசிக்கத் திணறிய பிள்ளை ஒரு வரியை வாசித்திருக்கலாம். வீட்டில் இடம் கிடைத்தால் பிராமரி செய்யுங்கள். வாயை மூடி, விடும் மூச்சில் வண்டு போல மெல்ல ரீங்காரம், ஐந்து முறை. நாள் முழுதும் உரக்கப் பேசிய தொண்டைக்கு இதமாக இருக்கும்.

இதில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை ஒருவர், எட்டாம் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் வாசலில் அந்த மூன்று மூச்சை எடுக்கத் தொடங்கினார். பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து, இரண்டு மாணவர்கள் கைகலக்கப் போனபோது மூன்றாமவன் ஒருவன், "டேய், டீச்சர் மாதிரி வாசல்ல போய் நின்னுட்டு வாடா" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஆசிரியை என்னிடம் சொன்னது இது: "சார், பின்னம் நான் சொல்லிக்கொடுத்தேன், பாதிப் பேருக்குத்தான் வந்தது. இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, எல்லாருக்கும் வந்துவிட்டது."

இனி, நான் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சியால் காலிப் பணியிடம் நிரம்பாது. ஓராசிரியர் இரண்டு வகுப்பைப் பார்க்கும் சுமை குறையாது. உலகச் சுகாதார நிறுவனம் தன் 11ஆம் நோய் வகைப்பாட்டில், பணியால் முற்றிலும் களைத்துப்போகும் நிலையை ஒரு நோயாகக் குறிக்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணி அழுத்தத்தால் வரும் பணிசார்ந்த நிலை என்றே குறிக்கிறது. கையாள வேண்டியவர் ஆசிரியர் மட்டுமல்லர், பணியிடமும்தான். ஆகவே தலைமையாசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள். மாற்றுப் பாடவேளைகளைச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் பகிர்ந்தளியுங்கள். பதிவேற்ற வேலைகளுக்கு நாளில் ஒரு நேரத்தை ஒதுக்கி, பாடம் நடக்கும்போது கேட்காதீர்கள். ஆசிரியைகளுக்குத் தண்ணீரோடு கூடிய, தாழ்ப்பாள் சரியாக உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இவையும் மன அழுத்தத்துக்கான மருந்துதான்.

ஆசிரியர்களே, பொறுத்துக்கொள்ள வேண்டியதற்கும் கேட்டுப் பெற வேண்டியதற்கும் வேறுபாடு உண்டு. நிதானமான மனத்துக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கோபத்தில் கேட்டால் சண்டையாகிறது, நிதானமாக எழுதிக் கேட்டால் விண்ணப்பமாகிறது. அமைதி என்றால் வாய் மூடியிருப்பது என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், அங்கே என் மூன்று மூச்சு போதாது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலோ, 104 என்ற சுகாதார உதவி எண்ணிலோ பேசுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதை நாம் மறைப்பதில்லை. இதையும் மறைக்க வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலி ஆசிரியரிடம் அந்த மாற்றத்தைக் கண்டால், "என்ன சார், ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று நீங்களே கேளுங்கள்.

நான்கையும் நாளையே தொடங்க வேண்டாம். உங்களுக்கு மிகக் கடினமான பாடவேளை எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும், வாரம் முழுதும், வாசலில் மூன்று மூச்சு. அடுத்த கூட்டத்தில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று சொல்லுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றாலும் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.

இப்போது எல்லோரும் சேர்ந்து ஒருமுறை செய்துவிடுவோம். தோளைத் தளர விடுங்கள். இழுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மெல்ல விடுங்கள்.