விடுமுறையின் இறுதி நாள்



ஆடி, ஆவணி மாதங்களில் வன்னியிலே சோளகக் காற்று ஓய்வின்றி வீசும். சிறு குளங்கள் வற்றி அடிமண் வெடித்திருக்கும். மானாவாரி வயல்கள் மாசியில் அறுவடையானபடியே வெறுமையாகக் கிடக்கும். ஊரைப் பார்ப்பதற்கு உகந்த காலம் இதுவென்று ஒருவரும் சொல்லார். ஆயினும் கடல் கடந்து வாழும் எம்மவர்கள் வருவது இந்தக் காலத்திலேதான். கனடாவிலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை அப்பொழுதுதான் கிடைக்கிறது. மூன்று வாரமோ நான்கு வாரமோ தங்குவார்கள். நல்லூர்த் திருவிழா, திருகோணமலைக் கடற்கரை, உறவினர் வீட்டு விருந்துகள் என்று நாட்கள் பறந்துவிடும். பின்பு இறுதி நாள் வரும்.

அந்த இறுதி நாளை அவர்கள் எவ்வாறு கழிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அது பெரும்பாலும் பெட்டிகளுக்கே போய்விடுகிறது. விடிந்ததும் கூடம் முழுவதும் சாமான்கள் பரவும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், ஒடியல் மா, மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், கருவாடு, மொட்டைக்கறுப்பன் அரிசி, யாரோ கொடுத்தனுப்பிய பாலைப்பாணிப் போத்தல். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது விமானத்தாரின் கணக்கு. கையிலே தூக்கி நிறுக்கும் சிறு தராசொன்றை வைத்துக்கொண்டு வைப்பதும் எடுப்பதுமாகப் பொழுது சாய்ந்துவிடும். விடைபெற வந்த அயலவர்கள் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அடுத்த ஆண்டு விருந்தினரை எதிர்பார்த்திருக்கும் நேயர்கள், பெட்டி கட்டும் வேலையை முதல் நாளே முடித்துவிடும்படி அவர்களைக் கட்டாயப்படுத்துவது நல்லது. நான் இதை அறிந்துகொண்டது சென்ற ஆவணியிலேதான்.

என் தமக்கையார் ரொறன்ரோவிலிருந்து மகளுடனும் பேரனுடனும் முள்ளியவளையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்தாறு. அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் கொக்குத்தொடுவாய். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்தார். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் ஆகிய கரையோர ஊர்களின் மக்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டபோது, அவரும் கணவரும் பிள்ளைகளும் உடுத்த உடையுடன் வந்து சேர்ந்தார்கள். நாலைந்து நாளிலே திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். அவ்வூரவர்கள் மீளக் குடியேற முடிந்தது 2009இல் போர் முடிந்த பின்னரே. அதற்குள் அக்கா இந்தியாவுக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டார். அத்தானும் காலமாகிவிட்டார்.

மூன்று வாரத்தில் எங்கெல்லாமோ கூட்டிச் சென்ற நாங்கள் அந்த ஊருக்கு மட்டும் அவரைக் கூட்டிச் செல்லவில்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மருமகள் கேட்டாள். எனக்கும் அவ்வாறே தோன்றியது. இறுதி நாள் வந்தது. விடியற்காலையில் வற்றாப்பளை அம்மனைத் தரிசித்துத் திரும்பியதும், கூடத்தில் தராசும் கையுமாக இருந்த மகளைக் கடந்து வந்து அக்கா என்னிடம் சொன்னார்: “தம்பி, என்னை ஒருக்கால் கொக்குத்தொடுவாய்க்குக் கொண்டுபோய்க் காட்டு.”

“மாமா, எட்டு மணிக்கு வான் வரும். இன்னும் ஒரு பெட்டியும் பூட்டவில்லை” என்றாள் மருமகள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. கட்டுநாயக்காவுக்கு இரவு முழுவதும் ஓடவேண்டும். ஆயினும் நாங்கள் புறப்பட்டோம். பேரனும் எங்களோடு வந்து ஏறிக்கொண்டான்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே அளம்பில், செம்மலை என்று வீதி செல்கிறது. நாயாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அக்கா கண்ணாடியை இறக்கிக் களப்பைப் பார்த்தார். கொக்குத்தொடுவாயில் வீதியோரமாக ஓரிடம் உண்டு. 2023 ஜூன் மாதத்தில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது அங்கே மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு அகழ்வு முடிந்தபோது 52 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவ்விடத்தில் நான் வாகனத்தை நிறுத்தவில்லை. பேரன் ஏதும் கேட்கவுமில்லை.

வளவை நாங்களாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மீளக் குடியேறிய முதியவர் ஒருவர்தாம் வழிகாட்டினார். வீடு இருந்ததற்கு அடையாளமாக அத்திவாரக் கல் இரண்டு வரிசை. பற்றைக்குள்ளே தூர்ந்துபோன கிணறு. அவ்வளவே. அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, இது குசினி, இது நெல்லுக் கோற்காலி வைத்த இடம், இது உன் அம்மா விழுந்து நெற்றியை உடைத்த படி என்று வகுப்பெடுப்பவர் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். வேலியோரத்தில் வந்ததும் நின்றார்.

“கோழிக்கூடு இதிலேதான் நின்றது. அன்றைக்குத் திறந்துவிட்டேனோ, பூட்டியபடி விட்டுவிட்டு வந்தேனோ, ஞாபகமில்லை, தம்பி” என்றார். நாற்பது ஆண்டுகளாக அவர் எவரிடமும் சொல்லாத கவலை அது.

அரை மணி நேரம் நின்றிருப்போம். புறப்படும்போது கிணற்றடியைத் திரும்பிப் பார்த்து, “போட்டு வாறன்” என்றார். எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை.

திரும்பி வரும் வழியிலேதான் எனக்கு அது விளங்கிற்று. இந்த மண்ணிலிருந்து நாங்கள் புறப்பட்ட புறப்பாடுகளில் எதற்கும் முன்கூட்டியே தெரிந்த இறுதி நாள் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டபோது முதல்நாள் மாலை கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது தெரியாது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் முள்ளியவளையைவிட்டுக் கிழக்கே நகர்ந்தபோது, திருத்தி முடியாத கொப்பிகளை மேசைமீது அடுக்கி, அவை பறக்காதபடி கல்லொன்றை வைத்துவிட்டுத்தான் நான் வந்தேன். வந்து திருத்தலாம் என்று எண்ணினேன். செட்டிகுளத்து மெனிக் முகாமிலிருந்து மீண்டபோது மேசையும் இல்லை, கூரையும் இல்லை. அந்தக் கொப்பிகளுக்குரிய பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வரவுமில்லை.

விடுமுறைக்கு வருபவர்களுக்கோ திகதியும் மணியும் பயணச்சீட்டிலே அச்சாகியிருக்கின்றன. நல்லபடியாக நின்று சொல்லிவிட்டுப் போக ஒரு முழு நாள் அவர்களிடம் இருக்கிறது. அதைத் தராசிலே தொலைப்பதைக் காண எனக்கு இப்பொழுது பொறுக்கவில்லை. சற்றுக் கடிந்து பேசுகிறேன் என்றால் நேயர்கள் மன்னிக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது நாலரை மணி. மருமகள் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பேரன் அவளருகே போயிருந்து, அவள் விழுந்த படியைப் பார்த்ததாகத் தனக்குத் தெரிந்த தமிழிலே சொன்னான். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு, நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தாள். “அந்தப் படி இன்னும் இருக்கோ?” என்று கேட்டாள்.

அதற்குப் பின்பு பெட்டிகள் அரைகுறையாகவே பூட்டப்பட்டன. எட்டு மணிக்கு வான் வந்தது. அயலவர்கள் ஒழுங்கையில் நிற்க, அக்கா ஒவ்வொருவரிடமும் சென்று சொல்லிவிட்டு ஏறினார். மாங்குளத்து வீதியில் விளக்கு மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தோம். கூடத்தில் நாலு கிலோ மிளகாய்த்தூளும் கருவாட்டுப் பொதியும் அப்படியே கிடந்தன. அந்தத் தூள் எங்களுக்குத் தைப்பொங்கல் வரையில் கண்டது.