கையெழுத்துப் போடாத ஜாமீன்தாரர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பல்லைப் பற்றிப் பேச பேங்க் கிளார்க்குக்கு என்ன தகுதி என்று முதல் வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நியாயம்தான். நான் பி.காம்., டாக்டர் அல்ல. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று கவுண்ட்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு முன்பல் போய்விட்டது, கட்ட வேண்டும். வழக்கமாக மூன்று வழி சொல்வார்கள். கழற்றி மாட்டும் பல் ஒன்று. தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கி வைக்கும் இம்ப்ளான்ட் இன்னொன்று. மூன்றாவது பிரிட்ஜ்: இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவி, கேப் மாட்டி, நடுவில் பொய்ப்பல்லை நிறுத்துவது.

இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். கடனாளி ஊரைவிட்டுப் போய்விட்டார். நாம் பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் சொத்தை ஜப்தி செய்கிறோம். அவர்கள் ஜாமீன் கையெழுத்தே போடவில்லை! 2002-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, முழு கேப்புக்காக ராவும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. போன எனாமல் திரும்ப வளராது. ராவிய பல்லின் நரம்பு பின்னாளில் செத்து, ரூட் கெனால் வரை போவதும் உண்டு.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். பொய்ப்பல்லின் பக்கத்தில் மெல்லிய சிறகு மாதிரி ஒரு தகடு இருக்கும். அதைப் பக்கத்துப் பல்லின் உட்புறத்தில், நாக்கு படும் பக்கத்தில், ஒட்டிவிடுவார்கள். ராவுவது மிகக் குறைவு, சிலருக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஊசியும் பெரும்பாலும் தேவைப்படாது.

வெறும் பசையில் எப்படி நிற்கும்? எனாமல் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகும். ரெசின் பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955-ல் அமெரிக்காவில் பூனகோர் என்பவர் கண்டுசொன்னது இது. 1973-ல் பிரான்சின் ரோஷெட், துளையிட்ட உலோகத் தகட்டைப் பல்லில் ஒட்டிக் காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உலோகத்தையும் சொரசொரப்பாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அதனால்தான் 'மேரிலாண்ட் பிரிட்ஜ்' என்ற பெயர். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது ஜிர்கோனியாவிலும் செய்கிறார்கள். உலோகத் தகடு என்றால் மெல்லிய பல் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரியக்கூடும்.

சிறகு ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் கெட்டி என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. இரண்டு பற்களும் கடிக்கும்போது தனித்தனியாக லேசாக அசைகின்றன. அந்த இழுபறியில் ஒரு சிறகு விட்டுப்போகும், மற்றது பிடித்துக்கொண்டே இருக்கும். இடுக்கில் உணவு புகுந்து, நமக்குத் தெரியாமலே பல் சொத்தையாகும். ஒற்றைச் சிறகு விட்டால் கையோடு வந்துவிடும், உடனே தெரிந்துவிடும். அதனால் முன்பல்லுக்கு ஒற்றைச் சிறகையே இப்போது பலரும் விரும்புகிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கடைவாய்ப்பல்லுக்கு அவ்வளவாக ஏற்றதல்ல, அங்கே கடிக்கும் விசை அதிகம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களும் யோசிக்க வேண்டும். பக்கத்துப் பல்லில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால், ஒட்டுவதற்கு எனாமல் போதாது. அப்போது பழைய பிரிட்ஜே சரி, அங்கே இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கும் இது உதவும். நடு முன்பற்களுக்கு அடுத்த சின்னப் பல் சிலருக்குப் பிறவியிலேயே முளைக்காது. தாடை வளர்ந்து முடியும்வரை இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. வைத்தால் மற்ற பற்கள் இறங்கி வர, அது மட்டும் மேலேயே தங்கிவிடும். அதுவரை பள்ளி, கல்லூரியில் வாயை மூடிக்கொண்டே சிரிக்க வேண்டியதில்லை.

எத்தனை நாள் வரும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 5 ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் சுமார் ஒன்பது வாயில் இருக்கின்றன. முறுக்கு, தட்டையை அந்தப் பல்லால் கடிக்காதீர்கள், பின்னால் தள்ளிவிடுங்கள். பொய்ப்பல்லின் அடியில் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கழன்றால் ஒரு டப்பியில் போட்டு டாக்டரிடம் எடுத்துப்போங்கள். பெரும்பாலும் திரும்ப ஒட்டலாம். தயவுசெய்து வீட்டில் ஃபெவிக்விக் தேடாதீர்கள்.

செலவு விஷயம். நம்மில் பலரிடம் உள்ள ஹெல்த் இன்ஷூரன்ஸ், விபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிரப் பல் வைத்தியத்துக்குப் பணம் தராது. பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள், கழன்றால் திரும்ப ஒட்டக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்து. எக்ஸ்ரே, பில், எந்தப் பொருளில் செய்தது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போனால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

காபி ஆறுகிறது. கேள்வி இருப்பவர்கள் வாருங்கள், குடித்துக்கொண்டே பேசலாம்.