பணிச்சுமையும் சமநிலையும்



மகாவீரர் பிறந்தநாளை ஒட்டியே ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலமும் வருகிறது. மார்ச் 31 நெருங்குகையில் வங்கி ஊழியர் ஒருவரின் மேசையில் கோப்புகள் குவிகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நினைவைப் பறிக்கிறது. உறக்கம் கெடுகிறது, வீட்டாரிடம் சினம் எழுகிறது. ஆலயத்தில் அருகன் முன் நின்றாலும் மனம் அலுவலகத்திலேயே உழல்கிறது.

சமண ஆசாரியர்கள் இதனை ஆர்த்தத் தியானம் என்பர். விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று ஓயாது எண்ணி வருந்துதல் அதன் ஒரு வகை. அவ்வாறு எழும் சினத்தால் முதலில் ஊறுபடுவது தன் ஆன்மாவே.

இதற்குரிய மருந்து இல்லறத்தாரின் பன்னிரு விரதங்களிலேயே உண்டு. குறித்த காலத்திற்கு நடமாட்டத்தின் எல்லையைச் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். அதன் கருத்தைப் பணிக்கும் கொள்ளலாம்: ‘இந்த ஒரு மணி நேரம் இக்கோப்பு மட்டுமே.’ எஞ்சியவற்றைத் தாளில் குறித்து வைத்தால் மனம் அவற்றைச் சுமக்க வேண்டுவதில்லை.

சாமாயிகம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். காலையில் அதில் அமர்வதால் கோப்புகள் குறையா. ஆனால் அவற்றைக் கண்டு நடுங்கும் நெஞ்சம் மெல்ல நிலைபெறும்.

ஆயினும், ஆற்றலை மீறிய சுமையை வாய்மூடிச் சுமப்பது பொறுமையாகாது. முடியாததை முடியும் என்பது வாய்மைக்கும் மாறானது. ‘இதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும்’ என மேலாளரிடம் பணிவுடன் உரைப்பதும் சத்திய விரதமே. அதை உரைத்தவர் அன்று மாலை வீட்டாருடன் அமைதியாக அமர்ந்து, பொழுது சாயுமுன் உண்பார்.

அறம் வளர்க! அருகநெறி ஓங்குக!