தகரக் குழலும் தாமே கற்றோரும்



குருவின் காலடியில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பயின்றாலன்றி இசை வாராது என்னும் கருத்து நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அமர இடம் மறுக்கப்பட்டவன் என்ன செய்வான் என்பதை அக்கருத்துடையோர் எண்ணுவதில்லை. ஆகவே, பெரும்பாலோர் ஆசிரியரின்றியே பயின்ற ஒரு கருவியைப் பற்றிப் பேச விழைகிறேன். மேனாட்டார் அதனை 'டின் விசில்' என்பர். நாம் தகரக் குழல் எனலாம்.

1843-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளியான ராபர்ட் கிளார்க் தகரத் தகட்டைச் சுருட்டி இக்குழலைச் செய்து விற்கத் தொடங்கினார். நமது புல்லாங்குழலில் முதல் ஒலியை எழுப்பவே உதட்டைப் பல நாள் பழக்க வேண்டும். இதிலோ, வாய்முனையில் செருகிய கட்டை காற்றை நேரே விளிம்பிற்குச் செலுத்திவிடுவதால் ஊதியவுடன் ஒலி பிறக்கும். ஆறு துளைகளையும் மூடினால் 'ச'. கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் வரிசையாக வரும். சற்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. இதனை ஒரு மாலைப்பொழுதிலேயே அறிந்துகொள்ளலாம். கடினம் அதன் பின்னரே தொடங்குகிறது.

சிலர் ஏட்டைக் கொண்டு பயில்வர். மூட வேண்டிய துளைக்குக் கரிய வட்டம், திறக்க வேண்டியதற்கு வெற்று வட்டம் என அச்சிட்ட நூல்கள் உண்டு. சிக்காகோ நகரக் காவல்துறைத் தலைவராக விளங்கிய பிரான்சிஸ் ஓநீல் என்னும் அயர்லாந்துக்காரர், 1907-இல் ஆயிரத்தொரு நடன மெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அரிய தொண்டுதான். எனினும் ஏட்டை மட்டுமே நம்பியவன் வாசிப்பில் எலும்பு இருக்கும், தசை இராது. விரலை நொடியில் தட்டியெடுக்கும் நுட்பத்தையும் மூச்செடுக்கும் இடத்தையும் செவியே கற்பிக்க வேண்டும்.

அதனால்தான் அயர்லாந்தின் சிற்றூர்களில் மெட்டை முதலில் பொருளற்ற அசைகளால் வாய்விட்டுப் பாடிப் பழகிய பின்னரே குழலைத் தொடுவோர் பலர். கிளேர் மாவட்டத்து டூலின் ஊரினரான மீக்கோ ரஸ்ஸல் (1915–1994) தாமே பயின்று உலகறிந்தவர். ஒலிநாடா வந்தபின், அதனைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கற்றனர். அப்போது மெட்டு ஒரு ஸ்தாயி தாழ்ந்தாலும் சுருதி பிசகாது. இன்று கைப்பேசி அத்தாழ்வுமின்றி வேகத்தைக் குறைத்துத் தருகிறது.

இளைஞர்களே, ஏடும் நாடாவும் வாய்க்காதவர்களைப் பற்றி இனிக் கேளுங்கள். 1950-களில், நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் கறுப்பினச் சிறுவர்கள் இதே குழலை ஊதினர். அவர்களுக்குப் பள்ளி தெருமுனைதான். அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்பர். மூத்த பையன்களின் விரல்களைக் கூர்ந்து நோக்குவர். கிதார் ஏந்திய தோழனோடு சேர்ந்து வாசிப்பர். வாய்முனையைச் சற்றே சாய்த்து ஊதினால் ஒலி பெருகுவதையும், துளையைப் பாதி மூடினால் சுரம் வளைவதையும் கண்டுகொண்டனர்.  வெள்ளையர் வாழும் வீதிகளில் வாசித்தால் காவலர் விரட்டுவர். விரட்டிய பின் வேறொரு முனையில் இசை மீண்டும் கேட்கும். அவ்விசைக்குக் 'குவேலா' என்று பெயர்.

அவர்களுள் தலைசிறந்தவர் ஸ்போக்ஸ் மஷியானே. 1954-இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு நாடெங்கும் விற்றது. ஆயினும் அந்நாளில் கறுப்பின இசைஞர்க்கு ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவதே நிறுவனங்களின் வழக்கம். எத்தனை ஆயிரம் தட்டு விற்றாலும் மேற்கொண்டு ஒரு காசு இல்லை. 1958-இல் வேறு நிறுவனத்திற்கு மாறியபோது அவர் விற்பனையில் பங்கு கேட்டுப் பெற்றார். அவருடைய இனத்து இசைஞர்களுள் அவ்வுரிமையை முதன்முதலாகப் பெற்ற சிலருள் அவரும் ஒருவர்.