வீட்டுக்கு எந்தப் புராசசர்?

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு நடக்கிறது. கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். படிப்புக்கும் ஆக வேண்டும், பிள்ளை ஆசைப்படும் விளையாட்டும் ஓட வேண்டும். இராஜபாளையத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய், "இன்டெல் போடலாமா, ஏஎம்டி போடலாமா அண்ணாச்சி?" என்று கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைச் சொல்கிறார். பையன் செல்போனில் ஒரு விமர்சகர் போட்ட பட்டை வரைபடத்தைக் காட்டுகிறான். எந்தப் பட்டை நீளமோ அதை வாங்கலாம் என்கிறான். அப்பாவுக்கு இரண்டும் பிடிபடவில்லை.

இரண்டு புராசசர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பழகினால் யாருக்கும் கைவரும் ஒரு கலை. அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று இன்று பேசலாம். எடுத்துக்காட்டுக்கு, நடுத்தர வீடுகளுக்குப் பொருத்தமான இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. இன்னொன்று இன்டெலின் கோர் ஐ5-12400. 2022 ஜனவரியில் வந்தது. இரண்டும் புத்தம் புதியவை அல்ல. அதனால் இவற்றின் நிறைகுறைகள் எல்லாம் தெரிந்துவிட்டன, தைரியமாக எடைபோடலாம்.

பெட்டியில் அச்சிட்ட விவரத்தை மட்டும் படித்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். இரண்டிலும் 6 கோர், 12 திரெட். இரண்டும் உச்ச வேகமாக 4.4 கிகாஹெர்ட்ஸ் தொடுகின்றன. இரண்டிலும் 65 வாட் என்று போட்டிருக்கும். கேஷ் மெமரி ஒன்றில் 16 எம்பி, மற்றதில் 18 எம்பி. விண்டோஸும் ஒன்றேதான். 64 பிட் கட்டளைகளை 2003இல் ஏஎம்டி கொண்டுவந்தது. இன்டெல் பிறகு அதையே ஏற்றுக்கொண்டது. ஆகவே இன்டெலில் ஓடும் மென்பொருள் ஏஎம்டியில் ஓடாதோ என்ற பயம் வேண்டாம். டேலியோ, தமிழ்த் தட்டச்சோ, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமோ, எதற்கும் அந்தப் பயம் தேவையில்லை.

பிறகு எங்கேதான் வித்தியாசம்? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடாத இடங்களில்.

முதலாவது, கோரின் அமைப்பு. கிகாஹெர்ட்ஸ் ஒன்றாக இருந்தாலும், ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வேறு வேறு. 12400இன் கோர் புதிய அமைப்பு. ஒரே கோரை வைத்துப் பார்க்கும் சினிபெஞ்ச் சோதனையில் அது சுமார் 1700 புள்ளி எடுக்கும்; 5600ஜி சுமார் 1500 எடுக்கும். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போதும் கிட்டத்தட்ட அதே இடைவெளிதான். எக்செல், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, வங்கி வேலை இவற்றில் இந்த வித்தியாசத்தை உங்கள் கண் பிடிக்காது. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரருக்கும், மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகத்தில் வேலை கிடைக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிப் பழகும் பிள்ளைக்கும் கொஞ்சம் தெரியும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு நன்றாகவே தெரியும். இன்டெலின் உள்ளே வீடியோவைச் சுருக்கித் தர குவிக் சிங்க் என்று தனிப் பகுதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுமதி சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டாவது வித்தியாசத்தைத்தான் நம் ஊர் வீடுகள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அது புராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். 5600ஜியில் இருப்பது வேகா 7. 12400இல் இருப்பது யுஎச்டி 730. கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போடாத நிலையில், விளையாட்டில் வேகா ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் தரும். வேலரன்ட் மாதிரி இலகுவான விளையாட்டை, தரத்தைக் குறைத்து வைத்தால், ஃபுல் எச்டி திரையில் நொடிக்கு நூறு பிரேமுக்கு மேல் காட்டும். ஜிடிஏ 5 ஓரளவு சீராக ஓடும். யுஎச்டி 730இலும் படம் வரும், விளையாட்டும் திறக்கும். ஆனால் கனமான விளையாட்டில் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு நிற்கும்.

பட்டை வரைபடத்தில் இது ஏன் தெரிவதில்லை? விமர்சகர்கள் புராசசரைச் சோதிக்கும்போது, சந்தையிலேயே விலை கூடிய கிராபிக்ஸ் கார்டை மாட்டி, திரையின் பிக்சலையும் குறைத்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் கார்டு தடையாக நிற்காமல், புராசசரின் பலம் தனியாகத் தெரியும். அவர்கள் முறையில் குற்றம் இல்லை. மிகக் கவனமாகச் செய்யும் உழைப்பு அது. அந்த வரைபடத்தில் 12400 முன்னால் நிற்கும், அதுவும் உண்மைதான். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு மாட்டிய மேசையில் எடுத்த அளவு அது. கார்டே இல்லாத ராயகிரி வீட்டில் அதே இரண்டு புராசசரையும் வைத்தால் வரிசை தலைகீழாக மாறிவிடும். அதனால் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில், எந்தக் கார்டு மாட்டிச் சோதித்தார்கள் என்று தேடிப் படியுங்கள். அடுத்து, சராசரி பிரேம் எண்ணோடு நிற்காமல், வேகம் மிகவும் சரியும் நேரங்களைக் காட்ட ஒரு சதவீதத் தாழ்நிலை என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். சராசரி 90 இருந்தும் அவ்வப்போது 30க்கு இறங்கும் கம்ப்யூட்டரில் விளையாடுவது எரிச்சல். சராசரி 75 இருந்து 60க்குக் கீழே போகாதது எவ்வளவோ மேல்.

உள் கிராபிக்ஸை நம்பி வாங்குகிறவர்கள் ரேம் விஷயத்தில் ஏமாறக் கூடாது. அந்தக் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 3200 ரேம் குச்சி ஒன்று, நொடிக்கு 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். இரண்டு குச்சி மாட்டினால் 51.2. கடையில் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுத்தால், அது கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கி ஒன்றரை அங்குலக் குழாய் மாட்டிய கதைதான். மோட்டார் ஓடும், தண்ணீர் குறைவாகத்தான் வரும். 8 ஜிபி குச்சி இரண்டாகக் கேட்டு வாங்குங்கள். வேகா 7இன் பலம் இதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் உலகமெங்கும் ரேம் விலை ஏறியிருக்கிறது. அதற்காக ஒற்றைக் குச்சியில் நிறுத்திவிடாதீர்கள். வேறு எங்காவது சிக்கனம் பிடிக்கலாம். பளபளவென்று விளக்கெரியும் கேபினெட்டில் பிடிக்கலாம்.

இப்போது கதையை மாற்றுகிறேன். "இந்த வருஷம் கம்ப்யூட்டர், அடுத்த வருஷம் கிராபிக்ஸ் கார்டு" என்று திட்டம் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் என் தீர்ப்பும் மாறும். 12400தான். கார்டு வந்த பிறகு வேகா 7க்கு வேலை இல்லை. அப்போது கோரின் பலம் மட்டும் பேசும், அதில் 12400 முன்னால் நிற்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, பலர் கவனிக்காதது. கார்டுக்கும் புராசசருக்கும் இடையே உள்ள பாதை 5600ஜியில் பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஇ. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவுக் கார்டுகள் அந்தப் பாதையில் நான்கே தடங்களைப் பயன்படுத்துகின்றன. புதிய தலைமுறைப் பாதையில் அது போதும். மூன்றாம் தலைமுறையில் மாட்டினால் அதே கார்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் இழக்கிறது. ஆகக் குறைந்த விலைக் கார்டைத் தேடி வாங்குகிற நம்மைத்தான் இந்தக் குறை முதலில் பிடிக்கும்.

கடையில் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 12400 என்று கேட்டால் 12400எஃப் எடுத்து வைப்பார்கள்; விலை குறைவு. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் ஜி இல்லாத வெறும் 5600க்கும் அப்படித்தான். அதில் கேஷ் 32 எம்பி, கார்டோடு சேர்த்தால் அருமையான புராசசர். ஆனால் கார்டு இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். பில்லில் மாடல் எண் கடைசி எழுத்து வரை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் புராசசருக்கு இரண்டு நிறுவனங்களும் 3 வருட உத்தரவாதம் தருகின்றன. பெட்டியில்லாமல் ட்ரே பீஸ் என்று கொடுப்பதற்கு அதை எதிர்பார்க்க முடியாது. 12400க்கு மதர்போர்டு வாங்கும்போது டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்று கேளுங்கள். இரண்டு வகையும் விற்கிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. 5600ஜி டிடிஆர்4 மட்டுமே ஏற்கும்.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்பதன அறையில் நடத்தும் சோதனையும், சித்திரை மாதப் பகலில் ஓட்டு வீட்டு அறையில் நடக்கும் விளையாட்டும் ஒன்றல்ல. 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 5600ஜி 88 வாட் வரை. விளையாட்டில் இரண்டும் அந்த உச்சத்துக்குக் கீழேயே நிற்கும். 12400 நூறு டிகிரியிலும் 5600ஜி 95 டிகிரியிலும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. பெட்டியோடு வரும் விசிறியே இரண்டுக்கும் போதும், தூசி அடையாத வரை. அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி எவ்வளவு பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் பஞ்சுத் துகளும் சேரும். சில மாதத்துக்கு ஒரு முறை விசிறியையும் அதன் கீழுள்ள அலுமினியப் பட்டைகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். விசிறியைக் கழற்ற நேர்ந்தால் ஏஎம்டிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அந்தச் சாக்கெட்டில் பின்கள் புராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் ஒட்டிப் பிடித்தால் விசிறியோடு புராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அலுவலகங்களில் கழித்த நான்காம் தலைமுறை ஐ7 கம்ப்யூட்டரை, ஐ7 என்ற பேருக்காக வாங்குகிறார்கள். இப்போது அது வேண்டாம். நாம் பேசிய இரண்டிலும் விண்டோஸ் 11 ஓடும்.

நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரை எடைபோட ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. விளையாட்டைத் திறந்து, திரையின் பிக்சல் அளவைப் பாதியாகக் குறையுங்கள். பிரேம் எண் மளமளவென்று ஏறினால் கிராபிக்ஸ்தான் தடை; புராசசரை மாற்றிப் பயனில்லை. எண் அசையவே இல்லை என்றால் புராசசர்தான் தடை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். விளம்பரத்தை நம்பாமல் தானே அளந்து பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

ஆக, கார்டு வாங்கும் எண்ணம் இல்லாமல், படிப்பும் கொஞ்சம் விளையாட்டும் போதும் என்கிற வீட்டுக்கு 5600ஜி, இரண்டு குச்சி ரேமோடு. வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவருக்கும், கட்டாயம் கார்டு வரும் என்ற வீட்டுக்கும் 12400. விளையாட்டே வேண்டாம், வேலை மட்டும் என்றால் அன்றைக்கு எது மலிவோ அது. மிச்சப் பணத்தில் நல்ல எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். பின்னாளில் 12400இன் போர்டிலேயே 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும். அதை யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். யுபிஎஸ் பேட்டரி பழையது என்றால், போர்டைக் கடைக்கே கொண்டுபோய் செய்து வாங்கி வாருங்கள்.