மாநாட்டில் ஓர் ஒலியமைப்பாளன்

கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். இப்படிச் சொன்னவுடன், "விளையாட்டுக்கு ஒலி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1978-இல் ஜப்பானியராகிய தோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை அமைத்தார். அதில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவர் படை நெருங்க நெருங்க அவற்றின் நடை விரையும். ஆடுகிறவன் நெஞ்சும் உடன் விரையும். திரைப்படத்தின் இசை ஒருமுறை அமைத்தால் முடிந்தது. விளையாட்டின் இசையோ ஆடுகிறவன் நின்றால் காத்திருக்க வேண்டும். ஓடினால் கூட ஓட வேண்டும். இந்த நுட்பத்தை நூலில் படிப்பதைவிடச் செய்தவர் வாயால் கேட்பது நன்று. அதற்காகவே மாநாடுகளுக்குச் செல்கிறோம்.

அவற்றுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் விளையாட்டு ஆக்குநர் மாநாடு. 1988-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கிறிஸ் கிராஃபர்டு என்பவர் தம் வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய 25 பேரைக் கூட்டிப் பேசியதே அதன் தொடக்கம். 2024-இல் சான்பிரான்சிஸ்கோவின் மாஸ்கோன் மண்டபத்தில் அது கூடியபோது வந்தவர் ஏறக்குறைய 30,000 பேர். கூடத்தில் கிடைத்த நெருக்கத்தை மண்டபத்தில் நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கே ஓவியருக்கு உள்ள வசதி நமக்கு இல்லை. அவர் படத்தை எடுத்து நீட்டினால் பார்த்தவர் கணத்தில் மதிப்பிட்டுவிடுவார். ஒலியைக் கேட்க நேரம் வேண்டும், அமைதி வேண்டும். ஒரே காலடி ஓசை மீண்டும் மீண்டும் வந்தால் செவி அதைக் கண்டுபிடித்துவிடும் என்பதற்காக, கல்லுக்கு வேறு, மணலுக்கு வேறு, மரப்பலகைக்கு வேறு என்று பல அடிகளைப் பதிவு செய்து, சுருதியையும் சற்றே மாற்றி வைக்கிறோம். நூறு இயந்திரங்கள் ஒருங்கே முழங்கும் கண்காட்சிக் கூடத்தில் இதை யாருக்குப் போட்டுக் காட்டுவது? ஒலிக்காரனுக்கு அதைவிடப் பகையான இடம் வேறில்லை.

ஆகவே எம்மவர் தமக்கென ஓரிடம் கண்டுகொண்டனர். மண்டபத்திற்கு அருகே, சார்லஸ் லூஃப் என்பவர் 1906-இல் செய்த பழைய குடைராட்டினம் ஒன்று இருக்கிறது. மாநாட்டு நாட்களின் காலையில் ஒலிக்காரர்கள் அதன் பக்கத்தில் காப்பியும் கையுமாகக் கூடுவதுண்டு. அங்கே நிற்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. 2023, 2024 ஆண்டுகளில் இத்தொழிலில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வேலை தேடுவோர் ஒருவருக்கொருவர் போட்டிதானே என்று நினைப்பீர்கள். தமக்கு வந்த வேலை கைமீறியபோது, பக்கத்தில் நின்றவரைச் சுட்டி, "இவர் செய்வார்" என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயினும் ஒலிக்காரர் நடுவிலேயே நின்றுவிட்டால் மனம் இனிக்குமே தவிர, அடுப்பு எரியாது. வேலை பெரும்பாலும் விளையாட்டை ஆக்குகிறவர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் மேசைக்குப் போய் விளையாட்டை ஆடிப் பாருங்கள்; காதில் பட்டதைச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டை நீட்டுவது பிறகு ஆகட்டும்.

"கடன் வாங்கியாவது போகலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். விமானக் கட்டணம், விடுதி வாடகை, அனுமதிச் சீட்டு எல்லாம் சேர்ந்தால் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுக்கு மேலேயே ஆகிவிடும். அம்மாநாட்டின் பழைய சொற்பொழிவுகள் பல இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐதராபாத்தில் பல ஆண்டுகள் நடந்த இந்திய மாநாடு போன்றவை நமக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளவை. முதலில் ஒரு சிறு விளையாட்டுக்காவது ஒலி அமைத்து முடியுங்கள். பேசுவதற்குக் கைச்சரக்கு வேண்டுமல்லவா?

ஒருமுறை ஓர் ஓரத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் முடிவுறாத விளையாட்டு ஒன்றை வைத்திருந்தனர். அதில் மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்த பிறகும் மழையின் ஓசை மாறவில்லை. "இந்த வீட்டின் கூரை ஓடா, தகரமா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அரைமணி நேரம் கூரையைப் பற்றியே பேசினோம். ஊர் திரும்பிய வாரம் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். வேலை கேட்கவில்லை, எங்கள் கொல்லைத் தகரக் கொட்டகையில் பதிவு செய்த மழையோசையை அத்துடன் அனுப்பினேன். ஏழு மாதம் பதிலே இல்லை. பிறகு இரண்டு வரி வந்தது. கூரை தகரம்தான் என்று முடிவு செய்துவிட்டார்களாம். அதில் ஓர் ஓட்டை இருக்கிறதாம். கீழே பித்தளைப் பாத்திரம் வைத்திருக்கிறார்களாம். அதற்கும் ஓசை வேண்டுமாம்.