மாடிப்படியில் மாறிய மொழி

 

இன்று ஒரு கன்னடக் கவிஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலேசியாவின் பாயான் பாருவில், தமிழ்க் கூட்டத்தில், கன்னடக் கவிஞர் எதற்கு? அவர் தமிழ் வீட்டுப் பிள்ளை, ஐயா. பெயர் ஏ. கே. ராமானுஜன்.

1929ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மைசூரில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர், வானியல் அறிந்தவர். கீழே அம்மாவோடு தமிழ். மாடியில் அப்பாவின் படிப்பறை. கணக்குப் படிக்கப் படியேறினால் ஆங்கிலம். தெருவில் இறங்கினால் கன்னடம். கோடை இரவுகளில் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் அப்பா நட்சத்திரம் காட்டுவாராம். நம் பிள்ளைகளும் இப்படித்தானே வளர்கிறார்கள்? பாட்டியோடு தமிழ், பள்ளியில் மலாய், லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு ஹொக்கியன், ஃபேக்டரியில் ஆங்கிலம். இத்தனைக்கும் நடுவில் தமிழ் நிற்குமா என்று கலங்கும் தாய்மார்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இவரைத் தேடிப் பிடித்தேன்.

கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். 1959இல் அமெரிக்கா போனார். சிகாகோவில் பேராசிரியராக இருந்துகொண்டே கன்னடத்தில் கவிதை எழுதினார். 1969இல் வந்த தொகுப்பின் பெயர் 'ஹொக்குளல்லி ஹூவில்ல'. தொப்புளில் பூ இல்லை என்று பொருள். திருமாலின் நாபியில் தாமரை உண்டு. தாய் வயிற்றில் பிறந்த நமக்குத் தொப்புள்கொடியின் தழும்புதான் உண்டு. அந்தத் தலைப்பு என் காதில் அப்படித்தான் விழுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது 1962ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையை. சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குள் இறங்குகிறார். பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கண நூல் வேண்டும். வீட்டில் தமிழ் பேசியவர்தான். பழந்தமிழ் படித்ததே இல்லை. அலமாரிகளுக்கு நடுவே ஒரு புத்தகம் கையில் அகப்படுகிறது. உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை! ராமானுஜனுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. தன் வீட்டுச் சொத்தைக் கடல் கடந்து, அந்நிய ஊரின் நிலவறையில் முதன்முதலாகப் பிரித்துப் பார்க்கிறார். அந்த நிமிடத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை, உட்கார்ந்து கற்றார். ஐந்தே ஆண்டில், 1967இல், குறுந்தொகைப் பாடல்கள் அவர் ஆங்கிலத்தில் உலகத்தின் கைக்குப் போயின. பிறகு பசவண்ணர், அக்கமகாதேவி என்னும் பக்திக் கவிஞர்கள் கன்னடத்திலிருந்து போனார்கள். 1981இல் நம்மாழ்வார் போனார்.

அவர் கன்னடம் எழுதியதால் தமிழுக்குக் குறைவு வந்ததா, சொல்லுங்கள்!

1993 ஜூலை 13ஆம் நாள், அறுபத்து நான்கு வயதில், சிகாகோவில் மறைந்தார். ஆனால் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, செம்புலப்பெயனீரார் பாடியது, இவருடைய ஆங்கிலத்தில் லண்டன் சுரங்க ரயில் பெட்டியிலே ஒட்டப்பட்டு, வேலைக்குப் போகிறவர்களோடு பயணம் செய்தது.

அந்தப் பாட்டைத் தமிழிலேயே சொல்ல, படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி மேடைக்கு அருகில் காத்திருக்கிறாள். ஒரு வாரமாக அம்மாவிடம் சொல்லிப் பழகியிருக்கிறாள். வாம்மா, மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்.